கடல் கடந்த ஓய்வூதியம்: வெளிநாட்டில் குடியேறும் முதியவரும் அவர் வங்கிக் கணக்கும்

உலகிலேயே வெளிநாடுகளிலிருந்து அதிகப் பணம் வந்து சேரும் நாடு இந்தியா. 2024-25 நிதியாண்டில் அப்படி வந்த தொகை ஏறத்தாழ 13,500 கோடி டாலர். அந்த வரவில் தமிழ்நாட்டின் பங்கு பத்தில் ஒன்றுக்குச் சற்று அதிகம் என்கிறது ரிசர்வ் வங்கியின் 2023-24 ஆய்வு. வெளிநாடு வாழ் இந்தியருக்கான (என்.ஆர்.ஐ.) வங்கி விதிகளும் வரி விதிகளும் இந்த வரவை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. சம்பாதிக்கும் வயதில் வெளியே போனவர், டாலரிலோ திர்ஹமிலோ ஈட்டி, மிச்சத்தை ஊருக்கு அனுப்புகிறார். சட்டம் எதிர்பார்க்கும் என்.ஆர்.ஐ. அவர்தான்.

பணம் எதிர்த்திசையில் போக வேண்டிய இன்னொரு கூட்டமும் இருக்கிறது. பள்ளியிலும் வங்கியிலும் மின்வாரியத்திலும் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பிள்ளைகளோடு இருப்பதற்காக நியூஜெர்சிக்கும் டொராண்டோவுக்கும் மெல்போர்னுக்கும் குடிபெயரும் பெற்றோர்கள். அவர்களுடைய வருமானம் ரூபாயில், இந்தியாவில்; செலவு அந்நியச் செலாவணியில், அங்கே. சட்டத்தின் பார்வையில் இவர்களும் என்.ஆர்.ஐ.தான். அந்தப் பெயர் ஒட்டிய கணத்திலேயே மூத்த குடிமக்கள் என்ற பெயர் பெரும்பாலான இடங்களில் உதிர்ந்துவிடுகிறது. முதுமையில் வெளிநாடு போகிறவர்களின் பணச் சிக்கல்கள் பலவற்றுக்கும் இதுவே வேர் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். ஆகவே அந்தச் சிக்கல்களில் பெரும்பகுதியைத் தீர்க்க வேண்டிய காலம், விமானம் ஏறுவதற்கு முந்தைய ஆண்டு.

வரவை நோக்கி எழுதிய சட்டம்

வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்தை ரூபாயில் வைக்கும் என்.ஆர்.இ. எனப்படும் கணக்கு 1970இல் வந்தது. வெளிநாட்டு நாணயத்திலேயே பணத்தை வைத்துக்கொள்ளும் எஃப்.சி.என்.ஆர். வகைக் கணக்கு 1975இல் தொடங்கியது. மாற்று விகிதம் சரிந்தால் ஏற்படும் நஷ்டத்தை ரிசர்வ் வங்கியே சுமந்தது. அவ்வளவு தேவை டாலருக்கு. 1991 அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது அந்தப் பணம் வேகமாக வெளியேறியது, அரசுக்கு மறக்க முடியாத பாடமாயிற்று. அதன் பிறகும் கையிருப்பு ஆட்டம் கண்டபோதெல்லாம் அரசு நாடியது வெளிநாடு வாழ் இந்தியரைத்தான். அணுகுண்டுச் சோதனைக்குப் பிந்தைய 1998இல் ரிசர்ஜென்ட் இந்தியா பத்திரங்கள் வழியே 420 கோடி டாலர் வந்தது. 2000இல் இன்னொரு திட்டத்தில் 550 கோடி. 2013 ஆகஸ்டில் ரூபாய் ஒரு டாலருக்கு 68ஐத் தாண்டிச் சரிந்தபோது, ரிசர்வ் வங்கி சலுகைச் சாளரம் ஒன்றைத் திறந்து மூன்றே மாதத்தில் ஏறத்தாழ 3,400 கோடி டாலரைத் திரட்டியது. அதில் பெரும்பகுதி எஃப்.சி.என்.ஆர். வைப்புகள்.

இந்த வரலாற்றின் சாயல் இன்றைய விதிகளில் தெளிவாகத் தெரிகிறது. வெளியிலிருந்து வரும் பணத்துக்கான என்.ஆர்.இ., எஃப்.சி.என்.ஆர். கணக்குகளின் வட்டிக்கு இந்தியாவில் வருமானவரி கிடையாது. அசலையும் வட்டியையும் எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துச் செல்லலாம். உள்நாட்டில் விளைந்த பணத்துக்கென்று இருப்பது என்.ஆர்.ஓ. கணக்கு. பென்ஷன், வாடகை, பழைய எஃப்.டி. எல்லாம் வழக்கமாக இதில்தான் வரவு வைக்கப்படும். வட்டிக்கு முதல் ரூபாயிலிருந்து வரிப் பிடித்தம் உண்டு. வெளியே அனுப்ப உச்சவரம்பும் படிவங்களும் உண்டு. சம்பாதிக்கும் என்.ஆர்.ஐ.க்கு என்.ஆர்.ஓ. ஓரத்தில் கிடக்கும் ஒரு கணக்கு. ஓய்வூதியருக்கோ வாழ்க்கை முழுவதும் அதற்குள்தான்.

ஒரே ஆள், இரண்டு வரையறை

யார் வெளிநாடு வாழ் இந்தியர் என்பதை இரண்டு சட்டங்கள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. 2000 ஜூனில் நடைமுறைக்கு வந்த ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்டம், நாள் கணக்கோடு நோக்கத்தையும் பார்க்கிறது. எப்போது திரும்புவோம் என்ற நிச்சயம் இல்லாமல் வெளிநாட்டில் தங்கும் எண்ணத்தோடு ஒருவர் புறப்பட்டால், அவர் அப்போதே வெளிநாடு வாழ்பவர். விசிட்டர் விசாவில் ஆறு மாதம் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போகும் பாட்டி இந்த வரையறைக்குள் வரமாட்டார். கிரீன் கார்டோடு குடியேறுபவர் வருவார். வருமானவரிச் சட்டம் முதன்மையாக நாட்களை எண்ணுகிறது. ஒரு நிதியாண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தவர் அந்த ஆண்டுக்கு உள்நாட்டவர்.

இதனால் ஜனவரி மாதம் கிரீன் கார்டோடு கிளம்புகிறவர் ஃபெமாவின்படி உடனே என்.ஆர்.ஐ.; வருமானவரியின்படி மார்ச் 31 வரை உள்நாட்டவர். வங்கி கேட்பது முதல் வரையறையை, ஆடிட்டர் கேட்பது இரண்டாவதை. இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் ஏராளம். '182 நாள் ஆகட்டும், பிறகு வங்கிக்குச் சொல்லலாம்' என்று காத்திருப்பது பரவலான வழக்கம். ஃபெமா அந்த அவகாசத்தைத் தரவில்லை.

வங்கிக்குச் சொல்லாமலே பழைய சேமிப்புக் கணக்கை ஆண்டுக்கணக்கில் நடத்துகிறவர்களும் உண்டு. ஃபெமா மீறலுக்கு, சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. இருந்தும் ஏன் சொல்லாமல் இருக்கிறார்கள்? அறியாமை ஒரு காரணம். மற்றொரு காரணம் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும்: சொன்னால் நஷ்டம், சொல்லாவிட்டால் குற்றம்.

மூத்த குடிமகன் மறையும் இடம்

தஞ்சாவூரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். வயது 68. வங்கியில் 20 லட்சம் ரூபாய் எஃப்.டி. பொது மக்களுக்கு வட்டி 7 சதவீதம் என்றால் மூத்த குடிமக்களுக்கு வழக்கமாக அரை சதவீதம் கூடுதல். அவருக்கு 7.5 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் கிடைக்கும். ஊரில் இருக்கும்வரை 15எச் என்று எல்லோரும் அறிந்த படிவத்தைக் கொடுத்து வரிப் பிடித்தமே இல்லாமல் முழுத் தொகையையும் வாங்கியிருப்பார்.

அவர் மகள் வீட்டோடு இருக்க நியூஜெர்சிக்குக் குடிபோகிறார். கணக்கு என்.ஆர்.ஓ. ஆகிறது. எஃப்.டி. முதிர்ந்து புதுப்பிக்கும்போது கூடுதல் அரை சதவீதம் கிடைக்காது, என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. வைப்புகளுக்கு மூத்த குடிமக்கள் வட்டி தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் ஆணையே சொல்கிறது. வட்டி 1,40,000 ஆகக் குறைகிறது. 15எச் படிவம் உள்நாட்டவருக்கு மட்டுமே. ஆகவே 30 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீதத் தீர்வையும் சேர்த்து 31.2 சதவீதம், அதாவது 43,680 ரூபாய், வங்கியிலேயே பிடிக்கப்படும். கைக்கு வருவது 96,320. ஆள் மாறவில்லை, வயது குறையவில்லை, அதே கிளை, அதே பணம். ஆனால் ஆண்டு வரவில் 53,680 ரூபாய் குறைந்துவிட்டது.

பிடித்த வரி முழுவதும் போய்விட்டதாக அர்த்தமில்லை. வருமானவரிப் படிவம் தாக்கல் செய்து, உண்மையான வரி குறைவாக இருந்தால் ரீஃபண்ட் வாங்கலாம். ஆனால் அந்த உண்மையான வரியிலும் ஒரு வித்தியாசம் காத்திருக்கிறது. 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரிமுறையில், வரிக்குட்பட்ட வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் தள்ளுபடியின் காரணமாக வரி ஏதும் இல்லை. அந்தத் தள்ளுபடி உள்நாட்டவருக்கு மட்டும். நம் ஆசிரியருக்கு பென்ஷனும் வட்டியும் சேர்த்து வரிக்குட்பட்ட வருமானம் 8 லட்சம் என்று வைத்துக்கொண்டால், தஞ்சாவூரில் இருந்தால் வரி பூஜ்யம். நியூஜெர்சியில் இருந்தால் தீர்வையோடு 20,800 ரூபாய். பழைய வரிமுறையில் மூத்த குடிமக்களுக்குத் தரப்படும் உயர்ந்த விலக்கு வரம்பும் வட்டிக்கான 50,000 ரூபாய்க் கழிவும் அவ்வாறே உள்நாட்டவருக்கு மட்டுமே உரியவை. 8.2 சதவீத வட்டி தரும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தையும் என்.ஆர்.ஐ. புதிதாகத் தொடங்க முடியாது.

இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்கள் ஓரளவு உதவும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளுடனான ஒப்பந்தங்களின்படி எஃப்.டி. வட்டிக்கு இந்தியாவில் 15 சதவீதத்துக்கு மேல் வரி பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு அந்நாட்டு வரித்துறையின் வதிவிடச் சான்றிதழ் வேண்டும். அமெரிக்காவில் பொதுவாக ஒரு முறையாவது அங்கே வரிக் கணக்கு தாக்கல் செய்தவருக்கே அச்சான்று எளிதில் கிடைக்கும். குடிபோன முதல் ஆண்டில், பணம் அதிகம் தேவைப்படும் நேரத்தில், அது கையில் இருக்காது.

சொத்து விற்பனையில் இடைவெளி இன்னும் பெரிது. ஒரு கோடி ரூபாய்க்கு வீடு விற்கும் உள்நாட்டவரிடம் வாங்குபவர் பிடிக்க வேண்டிய வரி 1 சதவீதம், அதாவது 1 லட்சம். விற்பவர் என்.ஆர்.ஐ. என்றால் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கான 12.5 சதவீதமும் தீர்வையும், வேறு கூடுதல் வரி சேர்க்காமலே 13 சதவீதம். ஆதாயத்தின் மீது மட்டும் பிடிக்க வேண்டும் என்றால் வருமானவரித் துறையிடம் முன்கூட்டியே குறைந்த பிடித்தச் சான்று பெற வேண்டும். இல்லையேல் பெரும்பாலும் முழு விலையின் மீதே பிடிப்பார்கள். 13 லட்சம் ரூபாய் ரீஃபண்டுக்காகக் காத்துக் கிடக்கும். பழைய சொத்துக்கு விலைவாசிக் குறியீட்டைச் சேர்த்து 20 சதவீதம் கட்டும் மாற்று வழியும் 2024 ஜூலைக்குப் பிறகு உள்நாட்டவருக்கு மட்டுமே. அம்பத்தூரில் 1990களில் வாங்கிய வீட்டைக் கிளம்புவதற்கு முன் விற்பதற்கும் கிளம்பிய பின் விற்பதற்கும் இவ்வளவு தூரம்.

அனுப்பும் வழியும் அதன் விலையும்

என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். பென்ஷன், வாடகை, வட்டி போன்ற நடப்பு வருமானத்தை, வரி கட்டிய பிறகு, இந்த வரம்பைத் தொடாமலே அனுப்பலாம். நடுத்தரக் குடும்பத்துக்கு இது போதுமான வரம்பு. சிக்கல் காகிதத்தில்தான். வருமானவரி இணையதளத்தில் 15சி.ஏ. என வழங்கி வந்த உறுதிமொழி. வரிக்குட்பட்ட தொகை 5 லட்சத்தைத் தாண்டினால் ஆடிட்டரின் 15சி.பி. சான்று, பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆவணங்கள். வீடு விற்ற பணமென்றால் பத்திர நகல், வாரிசாக வந்ததென்றால் உயில் அல்லது வாரிசுச் சான்று. (1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால், பழகிய பிரிவு எண்களையும் படிவ எண்களையும் நம்பாமல் ஆடிட்டரிடம் சரிபார்த்துக்கொள்வது நல்லது.)

ஊரிலேயே இருந்துகொண்டு பிள்ளைக்குப் பணம் அனுப்பும் பெற்றோருக்குப் பாதை வேறு. அவர்கள் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை தாராளமயப் பணப்பரிமாற்றத் திட்டத்தில் அனுப்பலாம். ஆனால் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு, படிப்பு, மருத்துவம் போன்ற சில நோக்கங்கள் நீங்கலாக, 20 சதவீதம் டி.சி.எஸ். எனும் முன்கூட்டிய வரி வசூலிக்கப்படும். இது பின்னர் வரியில் சரிக்கட்டப்படும் தொகைதான் என்றாலும், அதுவரை முடங்கிக் கிடக்கும். என்.ஆர்.ஓ. வழி அனுப்பினால் டி.சி.எஸ். இல்லை. என்.ஆர்.ஐ. என்ற பெயர் முதியவருக்கு உதவும் அபூர்வமான இடங்களில் இதுவும் ஒன்று.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 10 லட்சம் ரூபாயை டாலராக்கி அனுப்பும்போது வங்கி ரசீதில் தெரிவது சில நூறு ரூபாய்க் கட்டணமும், நாணய மாற்றத்துக்கான ஜி.எஸ்.டி. 990 ரூபாயும். இவற்றைப் பார்த்துவிட்டு 'பரவாயில்லை, மலிவுதான்' என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் சந்தையில் டாலர் 90 ரூபாய் என்றிருக்கும்போது வங்கி 91 என்று கணக்கிட்டால், 11,111 டாலருக்குப் பதில் 10,989 டாலரே போய்ச் சேரும். 122 டாலர், ஏறத்தாழ 11,000 ரூபாய், எந்த ரசீதிலும் கட்டணம் என்ற பெயரில் வராமல் போய்விடுகிறது. இடைப்பட்ட வங்கிகள் வழியில் பிடிக்கும் தொகை தனி. கட்டணத்தைப் பேரம் பேசுவதைவிட விகிதத்தைப் பேரம் பேசுவதே பலன் தரும். பெரிய தொகைக்குக் கிளை மேலாளரிடம் கேட்டால் வங்கி அறிவிக்கும் அட்டை விகிதத்தைவிட நல்ல விகிதம் கிடைப்பதுண்டு. கேட்காதவருக்குக் கிடைப்பதில்லை.

ரூபாயில் பென்ஷன், டாலரில் மருந்து

இதையெல்லாம்விடப் பெரிய செலவு காலம் போடும் செலவு. 2010இல் ஒரு டாலர் 45 ரூபாயை ஒட்டி இருந்தது. 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது. மாதம் 45,000 ரூபாய் நிலையான ஆண்டுத்தொகை வாங்குபவருக்கு அன்று அது 1,000 டாலர். 15 ஆண்டில் அதுவே 500 டாலர். டாலரின் விலை ஆண்டுக்குச் சராசரியாக 4.7 சதவீதம் ஏறியிருக்கிறது. அரசு ஓய்வூதியருக்கு அகவிலைப்படி உயர்வு இருப்பதால் அடி சற்றுக் குறையும். எல்.ஐ.சி. போன்ற காப்பீட்டு நிறுவனங்களின் வழக்கமான ஆண்டுத்தொகைத் திட்டங்களில் அந்த உயர்வுகூட இல்லை. அகவிலைப்படியே இந்திய விலைவாசிக்கு எழுதப்பட்டது. நியூஜெர்சியில் பல் பிடுங்க ஆகும் செலவு அதன் கணக்கில் வராது.

'இந்தியாவில் 7 சதவீதம் வட்டி, அமெரிக்காவில் 4 சதவீதம்தான். பணத்தை இங்கேயே வைப்போம்' என்ற வாதம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும். 7 சதவீத வட்டியில் 31.2 சதவீதத்தைக் கழித்தால் கையில் 4.8. ஏறத்தாழ அதே வேகத்தில்தான் ரூபாய் டாலருக்கு எதிராகத் தேய்ந்திருக்கிறது. டாலரில் செலவழிக்கப்போகிறவருக்கு அந்த எஃப்.டி. கிட்டத்தட்ட வட்டியே இல்லாத பணம். கோயம்புத்தூரில் செலவழிக்கப்போகிறவருக்கு அதே எஃப்.டி. நல்ல முதலீடு. ஆகவே எங்கே வட்டி அதிகம் என்று பார்ப்பதற்கு முன், எந்த ஊரில் எந்தக் காலத்தில் செலவழிக்கப்போகிறோம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். அடுத்த மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு அங்கே தேவைப்படும் தொகையை, 10 லட்சம் டாலர் வரம்புக்குள் என்.ஆர்.ஓ.விலிருந்து என்.ஆர்.இ.க்கு மாற்றி, பிறகு எஃப்.சி.என்.ஆர். வைப்பாக டாலரிலேயே வைக்கலாம். அதன் காலம் ஓர் ஆண்டு முதல் ஐந்து ஆண்டு வரை. மாற்று விகிதத்தின் ஆட்டம் அந்தப் பணத்தைத் தொடாது. திரும்பி வரும் எண்ணம் இருந்தால் ஒரு பகுதி ரூபாயில் இருப்பதே நியாயம். விகிதம் இறங்கட்டும் என்று காத்திருந்து மொத்தமாக அனுப்புவதைவிட, தவணை தவணையாக அனுப்பினால் தவறான நாளில் எல்லாவற்றையும் அனுப்பிய வருத்தமாவது மிஞ்சாது.

வைப்புக் காப்பீட்டையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். இந்தியாவில் ஒரு வங்கியில் ஒருவருக்குக் காப்பீடு 5 லட்சம் ரூபாய் வரை. 2020 பிப்ரவரி வரை அது 1 லட்சமாக இருந்தது. அமெரிக்காவில் அது 2,50,000 டாலர். 2019 செப்டம்பரில் பி.எம்.சி. கூட்டுறவு வங்கி முடக்கப்பட்டபோது வாடிக்கையாளர்கள் முதலில் எடுக்க முடிந்தது 1,000 ரூபாய்தான். உள்ளூரில் இருந்தால் கிளை வாசலில் நின்றாவது விவரம் கேட்கலாம். கடல் கடந்து இருப்பவர் அரை சதவீதம் கூடுதல் வட்டிக்காகச் சிறிய வங்கியில் பெரிய தொகையை விட்டுச் செல்வது வீண் துணிச்சல்.

அங்கேயும் ஒரு வரித்துறை

கிரீன் கார்டு வாங்கிய பெற்றோருக்கு உலகெங்கும் உள்ள வருமானத்தின் மீதும் அமெரிக்க வரிச் சட்டம் பொருந்தும். இந்தியாவில் வரியில்லாத என்.ஆர்.இ. வட்டியும் பி.பி.எஃப். வட்டியும் அங்கே வரிக்குட்பட்ட வருமானம். இந்தியக் கணக்குகள் எல்லாம் சேர்த்து ஆண்டின் ஏதேனும் ஒரு நாளில் 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் எனும் அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். டாலர் 90 ரூபாய் என்றால் அது 9 லட்சம் ரூபாய், பணிக்கொடையை எஃப்.டி.யில் போட்ட எந்த ஆசிரியரும் தாண்டும் எல்லை. தவறினால், வேண்டுமென்று செய்யாத பிழைக்கும் 10,000 டாலருக்கு மேல் அபராதம் வரலாம். அது கணக்கு ஒன்றுக்கா அறிக்கை ஒன்றுக்கா என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 பிப்ரவரியில் பிட்னர் வழக்கில் அறிக்கை ஒன்றுக்கே என்று முடிந்தது. மறைக்கவும் வழியில்லை: 2015இல் கையெழுத்தான ஃபட்கா உடன்பாட்டின்படி இந்திய வங்கிகளின் தகவல் அங்கே போய்க்கொண்டிருக்கிறது. கனடாவில் 1,00,000 கனேடிய டாலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு முதலீடுகளுக்கு வேறொரு படிவம்.

இதில் பலர் கவனிக்காதது கூட்டுக் கணக்கு. அப்பா தன் எஃப்.டி.களில் பாதுகாப்புக்காக அமெரிக்காவில் இருக்கும் மகளின் பெயரையும் சேர்த்திருப்பார். அப்பா ஊரைவிட்டு நகராவிட்டாலும் மகள் அந்தக் கணக்குகளைத் தன் எஃப்பாரில் காட்ட வேண்டும். இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளின் கதை இன்னும் மோசம். அமெரிக்கச் சட்டம் அவற்றைத் தனி வகையாக வைத்துக் கடுமையாக வரி விதிக்கிறது. ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனிப் படிவம். குடிபோவதற்கு முன்பே விற்றுவிடுவது பெரும்பாலோருக்கு எளிது.

பென்ஷனுக்கு எந்த நாடு வரி போடும் என்பது பென்ஷனைத் தருபவர் யார் என்பதைப் பொறுத்தது. இந்திய-அமெரிக்க ஒப்பந்தப்படி தனியார் வேலைக்கான பென்ஷன் குடியிருக்கும் நாட்டில் வரிக்குட்பட்டது. அரசுப் பணிக்கான பென்ஷன், இந்தியக் குடியுரிமையோடு இருக்கும்வரை, இந்தியாவில் வரிக்குட்பட்டது. ஆக, ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியரின் பென்ஷன் மீது வரி விதிக்கும் உரிமை இந்தியாவுக்கு இருக்கிறது. அப்படியிருந்தும் ஊரிலிருக்கும் சக ஆசிரியருக்குத் தரும் தள்ளுபடியை அவருக்குத் தர மறுக்கிறது.

உயிரோடிருப்பதற்கு அத்தாட்சி

இவ்வளவு பெரிய கணக்குகள் எல்லாம் ஒரு ஓ.டி.பி.யில் தொங்கிக்கொண்டிருக்கும். இந்திய சிம்மை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் எண் வேறொருவருக்குப் போய்விடலாம். ஆதாரோடும் வங்கியோடும் வருமானவரித் தளத்தோடும் இணைந்திருப்பது அந்த எண்தான். ரீசார்ஜ் செய்து ரோமிங்கில் உயிரோடு வைத்திருப்பது சில நூறு ரூபாய் வேலை. இழந்தால் மீட்க ஊருக்கு ஒரு பயணம் ஆகலாம். 2023 முதல் அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளின் எண்களோடு என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளுக்கு யு.பி.ஐ. வசதி வந்திருப்பது ஓர் ஆறுதல்.

கணக்குதாரர் தாமாக எந்தப் பரிவர்த்தனையும் இரண்டு ஆண்டு செய்யாவிட்டால் கணக்கு செயலற்றதாகிவிடும். பத்து ஆண்டு ஆனால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். உரிமை போகாது, ஆனால் மீட்பது அலைச்சல். மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் ஆயுள் சான்று தர வேண்டும். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபரிலேயே தரலாம். தமிழக அரசு ஓய்வூதியர்களுக்கு ஆண்டு நேர்காணல் உண்டு. 2014இல் வந்த ஜீவன் பிரமாண் எனும் மின்னணு ஆயுள் சான்று வசதியும், பிறகு வந்த முக அடையாளச் செயலியும் தூதரக வரிசையைக் குறைத்திருக்கின்றன. ஆனாலும் சான்று போய்ச் சேராத மாதத்தில் பென்ஷன் நின்றுவிடும், அதைத் தொடங்க வைக்கும் அஞ்சல் போக்குவரத்தை எண்பது வயதுக்காரர் பத்தரை மணி நேர வித்தியாசத்தில் நடத்த வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் பதிலாகப் பல குடும்பங்களில் நடப்பது, ஏ.டி.எம். கார்டையும் கடவுச்சொல்லையும் தம்பி மகன் கையில் கொடுத்துவிட்டுப் போவது. நம்பிக்கை கெடாத வரை அது ஓடும். கெட்டால் சட்டம் துணைக்கு வராது. முறைப்படி தூதரகச் சான்றோ அப்போஸ்டில் முத்திரையோ பெற்ற அதிகாரப் பத்திரம் இருந்தால், உள்ளூர்ச் செலவுகளையும் கணக்குதாரருக்கே பணம் அனுப்பும் வேலையையும் அவர் செய்யலாம். ஆனால் அந்தப் பத்திரம் எழுதிக் கொடுத்தவரின் இறப்போடு செல்லாததாகிவிடும். அப்போது வங்கி பார்ப்பது நியமனதாரரை. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். புறப்படும் முன் எல்லாக் கணக்கிலும் அதைச் சரிபார்ப்பது ஒரு நாள் வேலை.

பிற நாடுகளும் பார்ப்பது பணத்தின் திசையையே

இந்த மனப்பான்மை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. தாய்லாந்து 50 வயது தாண்டிய வெளிநாட்டு ஓய்வூதியரை வரவேற்கிறது, ஆனால் 8 லட்சம் பாத் அந்நாட்டு வங்கியில் கிடக்க வேண்டும். 2019 முதல், நீட்டிப்புக்கு இரண்டு மாதம் முன்னும் மூன்று மாதம் பின்னும் அந்தத் தொகை குறையக் கூடாது. மற்ற மாதங்களிலும் 4 லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. பணம் உள்ளே வருகிறது, ஆகவே கதவு திறக்கிறது. பிரிட்டன் மறுமுனை. அங்கே வாழ்நாள் முழுவதும் உழைத்து காப்பீட்டுச் சந்தா கட்டியவர் ஓய்வுக்காக இந்தியாவிலோ இலங்கையிலோ குடியேறினால், அவருடைய அரசு பென்ஷன் அன்றைய அளவிலேயே உறைந்துவிடும். ஆண்டு உயர்வு கிடையாது. அமெரிக்காவிலோ ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலோ குடியேறியவருக்குக் கிடைக்கும். இந்தப் பாகுபாட்டை எதிர்த்த கார்சன் வழக்கை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. இங்கிலாந்து மருத்துவமனைகளில் பணியாற்றி யாழ்ப்பாணமோ மதுரையோ திரும்பும் தமிழர்களையும் இது தொடுகிறது.

எது மாற வேண்டும்

உள்நாட்டவருக்கு மட்டும் சலுகை என்ற விதிக்கு ஒரு நியாயம் உண்டு. வெளிநாட்டில் பெரிய வருமானம் உள்ளவர் இந்தியாவில் சிறு வருமானத்தைக் காட்டித் தள்ளுபடி வாங்கிவிடக் கூடாது. கைநிறைய சம்பாதிக்கும் நாற்பது வயது என்.ஆர்.ஐ.க்கு அது பொருந்தும். பென்ஷனைத் தவிர வேறு வருமானமே இல்லாத எழுபது வயதுக்காரருக்குப் பொருந்தாது. வதிவிடச் சான்றும் அந்நாட்டு வரிக் கணக்கும் இருக்கும்போது, அவருக்கு வேறு வருமானம் இல்லை என்பதைச் சரிபார்ப்பது இன்று கடினமான காரியமல்ல. அரசுப் பணி பென்ஷனுக்காவது தள்ளுபடியை நீட்டிக்கலாம். என்.ஆர்.ஓ. வைப்புகளுக்கு மூத்த குடிமக்கள் வட்டியை அனுமதிக்க ரிசர்வ் வங்கியின் ஓர் ஆணை போதும். உண்மையான வரியைவிட இரண்டு மடங்கு பிடித்துவிட்டு ரீஃபண்ட் தரும் வழக்கத்துக்கு வயது வரம்பு ஒன்றை வைக்கலாம். இவை நடந்தால், வங்கிக்குச் சொல்லத் தயங்குகிறவர்கள் தாமாகவே வந்து சொல்வார்கள்.

அதுவரை, வரிசைதான் தற்காப்பு. விற்க வேண்டிய வீட்டையும் மியூச்சுவல் ஃபண்டையும் உள்நாட்டவராக இருக்கும்போதே விற்பது. சிதறிக் கிடக்கும் கணக்குகளை இரண்டு பெரிய வங்கிகளுக்குள் சுருக்குவது. நியமனதாரர், அதிகாரப் பத்திரம், கைபேசி எண் மூன்றையும் சரிசெய்வது. பிறகு குடிபோகும் தேதியை வங்கிக்கு எழுத்தில் கொடுத்து என்.ஆர்.ஓ. ஆக்குவது, அங்கே போனதும் முதல் ஆண்டிலேயே வரிக் கணக்கு தாக்கல் செய்து வதிவிடச் சான்றுக்கு விண்ணப்பிப்பது. அங்கே குளிர் ஒத்துக்கொள்ளாமல் திரும்பி வருகிறவர்களும் பலர். அவர்கள் டாலரை உடனே ரூபாயாக்கத் தேவையில்லை. ஆர்.எஃப்.சி. எனும் வெளிநாட்டு நாணயக் கணக்கில் அப்படியே வைத்துக்கொள்ளலாம். எத்தனை ஆண்டு வெளியே இருந்தார்கள் என்பதைப் பொறுத்து, வெளிநாட்டு வருமானத்துக்கு இந்திய வரியிலிருந்து சில காலம் விலக்கும் கிடைக்கும். திரும்பி வருகிறவருக்குச் சட்டம் காட்டும் தாராளம் இது. காரணம் எளிது: அவரோடு பணமும் திரும்புகிறது. வெளியே போகும் முதியவருக்கும் அதே தாராளத்தில் ஒரு பங்கைக் கேட்பது சலுகை கோருவதாகாது. அவர் எடுத்துச் செல்லும் பணம், வேலை பார்த்த காலமெல்லாம் இதே நாட்டில் வரி கட்டிச் சேர்த்த பணம்.